பழுப்புக் கட்டம் போட்ட தாள்

ஒரு நல்ல முன்கள ஆட்டக்காரனைக் கண்டுபிடிக்க அவன் காலைப் பார்க்கக் கூடாது, கழுத்தைப் பார்க்க வேண்டும் என்று என் கணவர் சொல்வார். பந்து தன்னிடம் வருவதற்கு முன்னால் எத்தனை தடவை திரும்பிப் பார்க்கிறான் என்று எண்ண வேண்டுமாம். இரண்டு தடவைக்குக் குறைந்தால் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறு ஆள் தேடலாம். நீங்கள் கால்பந்து பார்க்கிறவர் இல்லை என்று நினைக்கிறேன், தம்பி. பரவாயில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்லி எனக்குப் பழக்கம்தான். எங்கள் மருத்துவமனையில் பாதிப் பேருக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

டாக்டர் ஸாய்தாவை நீங்கள் பிடித்து வைத்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. அவர் கையெழுத்து மட்டும்தான் போட்டார். அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் அதை மட்டும் சொன்னால் உங்களுக்கு விளங்காது. கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் மவ்லுதா. வயது ஐம்பத்து நான்கு. கோக்தெராக் வட்டார மருத்துவமனையில் இருபத்தாறு வருடமாக இ.சி.ஜி. எடுக்கிறேன். எங்கள் இயந்திரம் பழையது. அதற்குப் பெயர் அச்சடிக்கத் தெரியாது. நீளமான தாளில் கோடு மட்டும் போட்டுத் தள்ளும். அதை நான் வெட்டி, அட்டையில் ஒட்டி, மேலே பெயரும் வயதும் தேதியும் பேனாவால் எழுதி டாக்டர் மேஜையில் அடுக்கி வைப்பேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் ஒருவருடைய தாள் இன்னொருவர் பெயருக்குப் போனதில்லை. தவறுதலாகப் போனதில்லை என்று சொல்கிறேன்.

என் கணவர் சோபிர் பஞ்சாலையில் எந்திரம் பழுதுபார்ப்பவர். எங்கள் ஊர் லோச்சின் கால்பந்து கிளப்பின் பைத்தியம். லோச்சின் என்றால் ராஜாளி, உங்களுக்குத் தெரியும். ஆனால் எங்கள் ராஜாளி பறந்ததைவிடத் தரையில் உட்கார்ந்த வருடங்கள்தான் அதிகம். அவரும் இன்னும் மூன்று பேரும் ஒரு முறைக்கூட்டம் வைத்திருந்தார்கள். மாதம் ஒரு வீடு. வீட்டுக்காரர் புலாவ் சமைக்க வேண்டும், மற்றவர்கள் வாயால் மைதானத்தையே உழுது போட வேண்டும். கறிக்கடை துர்சுன், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஹோஷிம், டமாஸ் வேன் ஓட்டுகிற ரவ்ஷன். ரவ்ஷன் மற்றவர்களைவிடப் பதினைந்து வயது சின்னவன், சத்தத்தில் பெரியவன்.

ஊரையெல்லாம் பூட்டி வைத்த அந்தத் தொற்றுநோய்க் கோடையில் சோபிர் போனார். நுரையீரல்தான் போனது. இதயம் கடைசிவரை நன்றாக அடித்துக்கொண்டிருந்தது என்று தொற்று வார்டில் வேலை பார்த்த பெண் தொலைபேசியில் சொன்னாள். உள்ளே யாரையும் விடவில்லை. நான் அதே துறையில் வேலை பார்க்கிறவள், வெள்ளைக் கோட்டோடு வாசலில் நின்றேன், என்னையும் விடவில்லை. உறை போட்டுக் கட்டிக் கொண்டுபோனார்கள். முகத்தை நான் பார்க்கவில்லை. இதை அழுகைக்காகச் சொல்லவில்லை, பிறகு வருகிற ஒரு விஷயத்துக்கு இது வேண்டும்.

நாற்பதாம் நாள் துர்சுன் அண்ணன் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே, "தங்கச்சி, அடுத்த மாசம் சோபிரோட முறை. அவன் முறையை நாங்க தாண்ட மாட்டோம். கறி நான் கொண்டாரேன், அடுப்பு மட்டும் உன்னோடது" என்றார். அப்படித்தான் நான் முறைக்கூட்டத்துக்குள் வந்தேன். முதல் இரண்டு தடவை தேநீரை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். மூன்றாம் தடவை ரவ்ஷன் ஒரு கோலைப் பற்றி முட்டாள்தனமாகப் பேசிக்கொண்டிருந்தான். கதவருகே நின்றபடியே, "பந்து போனப்போ அவனுக்கு முன்னால ரெண்டு பேர் இருந்தாங்க தம்பி, அப்புறம் எப்படி அது ஆஃப்சைடு ஆகும்" என்றேன். முதலில் ரவ்ஷன் திரும்பிப் பார்த்தான். பிறகு ஹோஷிம் வாத்தியார் சிரித்தார். துர்சுன் அண்ணன் நகர்ந்து இடம் விட்டார். சோபிர் உட்காரும் இடம். அதன்பிறகு ஒரு மாதமும் நான் தவறவிட்டதில்லை.

அங்கேதான் அவர் பெயரைச் சொல்வார்கள், தம்பி. "சோபிர் இருந்தா இப்ப தட்டைத் தூக்கி எறிஞ்சிருப்பான்", "இந்த கோல்கீப்பரை சோபிர் அன்னைக்கே வேணாம்னான்", இப்படி. வேறு எங்கும் யாரும் சொல்வதில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருடைய தம்பிகூட இப்போது 'அவர்' என்றுதான் சொல்கிறான்.

போன வருடம் கோடையில் லோச்சின் பட்டியலில் கடைசியில் கிடந்தது. கீழ்ப் பிரிவுக்கு இறங்கினால் கிளப்பையே மூடிவிட்டு மைதானத்தைச் சந்தையாக்கிவிடுவார்கள் என்று நகரசபையில் பேச்சு. பக்கத்து ஊரில் அப்படித்தான் ஆனது. இப்போது அங்கே கோல் கம்பம் இருந்த இடத்தில் தர்ப்பூசணி விற்கிறார்கள். லோச்சின் இல்லையென்றால் முறைக்கூட்டத்தில் பேச என்ன இருக்கிறது. இரண்டு மாதம் வருவார்கள், மூன்றாம் மாதம் ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்குக் கல்யாண வீடு. நான் பார்த்திருக்கிறேன்.

ஜூலை மாதக் கூட்டம் ஹோஷிம் வாத்தியார் வீட்டில், திராட்சைப் பந்தலுக்குக் கீழே. புது ஆட்டக்காரர்களை எடுக்க இன்னும் பத்து நாள்தான் கெடு.

"ஜார்ஜியாக்காரன் ஒருத்தனைக் கொண்டாந்தா போதும்" என்றான் ரவ்ஷன். "பாறை மாதிரி நிப்பான்."

"போன தடவையும் ஒருத்தன் வந்தானே" என்றார் துர்சுன் அண்ணன். "பாறை மாதிரிதான் நின்னான். நகரவே இல்லை. அவன் அடிச்ச ஒரே கோலும் நம்ம வலைக்குள்ள."

"ஃபார்வர்டே வேணாம்யா" என்றார் வாத்தியார். "பதினாலு ஆட்டத்துல இருபத்தாறு கோல் வாங்கியிருக்கோம். முதல்ல பின்பக்கக் கதவைச் சாத்துங்க."

"சாத்திட்டு? எல்லாம் பூஜ்யத்துக்குப் பூஜ்யமா? அதுக்கு நான் எங்க மாமியார் வீட்டுலயே உக்காந்திருப்பேன்."

அப்போது துர்சுன் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "நான் ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. போன வாரம் மலைப்பக்கம் ஆடு வாங்கப் போனேன். அங்க பசங்க ஒரு கப்புக்காக ஆடிட்டிருந்தாங்க. நோதிர்னு ஒருத்தன். இருபத்திரண்டு வயசு. நாலு கோல்."

"ஆட்டை விட்டுட்டு ஆட்டத்தைப் பாத்தியாண்ணே? அதான் இந்த வாரக் கறி கிழடா இருந்துச்சு" என்றான் ரவ்ஷன்.

நான் ஒன்றுதான் கேட்டேன். "கழுத்து எப்படி?"

துர்சுன் அண்ணன் என்னைப் பார்த்தார். "நாலு தடவை திரும்பறான் தங்கச்சி. ஆந்தை மாதிரி. எனக்கு நம்ம சோபிர் ஞாபகம்தான் வந்துச்சு."

கிளப் தலைவர் வீட்டுக்குக் கறி போவது துர்சுன் கடையிலிருந்து. ஐந்தே நாளில் நோதிர் வந்துவிட்டான். பயிற்சியாளர் பாக் இரண்டு நாள் அவனை ஆடவிட்டுப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொள்ளலாம் என்றார். பாக் நம் ஊரிலேயே பிறந்து வளர்ந்த கொரியர், அறுபது வயது, அதிகம் பேச மாட்டார். இனி மருத்துவச் சோதனை மட்டும்தான் பாக்கி. புதன்கிழமை காலை என் அறைக்கு வந்தான். வெள்ளிக்கிழமை கெடு முடிகிறது.

சட்டையைக் கழற்றிப் படுத்தான். இடது காலுறையில் ஓட்டை, பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. கூச்சப்பட்டு மற்ற காலால் அதை மறைத்துக்கொண்டான். "வலிக்குமா பெரியம்மா?" என்றான். "கோல் வாங்குறதைவிட வலிக்காது" என்றேன். சிரித்தான். சிரித்தால் கோடு நடுங்கும், சிரிக்காதே என்றேன். சிரிக்காமல் படுத்திருந்தான். தாள் வந்தது.

மேலே எழ வேண்டிய அலைகள் கீழே ஆழமாக இறங்கியிருந்தன. ஒன்றில் இல்லை, வரிசையாக. நான் டாக்டர் இல்லை. ஆனால் இருபத்தாறு வருடம். அதுவரை அப்படி இரண்டு பேரைப் பார்த்திருந்தேன். ஒருவன் மல்யுத்தம் பழகியவன், இன்னொருவன் ரொட்டிக்காரர் மகன். டாக்டர் ஸாய்தா இரண்டு பேரையும் ஓட வேண்டாம், பாரம் தூக்க வேண்டாம் என்று சொல்லித் தாஷ்கண்டுக்கு எழுதிக்கொடுத்தார். மல்யுத்தக்காரன் போனான். இப்போது மளிகைக் கடை வைத்திருக்கிறான், மூன்று பிள்ளைகள். மற்றவன் போகவில்லை.

"அப்பா இருக்கிறாரா?" என்று நோதிரைக் கேட்டேன்.

"இல்ல பெரியம்மா. நான் சின்னப் பையனா இருக்கப்பவே போயிட்டார். வயல்ல தண்ணி திருப்பிட்டிருந்தவர் அப்படியே விழுந்துட்டார். வெயில் அடிச்சுருச்சுன்னாங்க. முப்பத்தி நாலு வயசு."

சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

இந்த இடத்தை நீங்கள் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். எனக்குக் குழப்பம் எதுவும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு ஒரு கிண்ணம் தேநீர் ஊற்றி, ஆறுவதற்குள் குடித்து முடித்தேன். யோசித்தேன். இந்தத் தாளை டாக்டர் பார்த்தால் தாஷ்கண்டுக்கு அனுப்புவார். போய்வரப் பத்து நாளாவது ஆகும். வெள்ளிக்கிழமை கடந்துவிடும். பையன் மலைக்குத் திரும்பிப்போய் அங்கேயும் ஓடத்தான் போகிறான், ஓடாமல் இருப்பானா. ஓடுவது என்றால் எங்களுக்காக ஓடட்டும். அன்றைக்கு இது மிகவும் நியாயமாகப் பட்டது. இன்றைக்கும் இதில் எங்கே பிழை என்று உடனே சொல்லத் தெரியவில்லை.

என் அலமாரியில் சோபிர் லோச்சின் ஆட்டத்துக்குப் போட்டுப்போகிற பச்சை வெள்ளைக் கழுத்துத்துணி இருக்கும். அதற்குள் ஒரு தாள். அவர் போவதற்கு முந்தின வருடம் பழைய ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் விளையாட ஒரு ஆட்டம் வைத்தார்கள். அதற்கு அவருக்குச் சான்று வேண்டியிருந்தது, நான்தான் எடுத்தேன். படுத்துக்கொண்டு, "லோச்சின்னு எழுதுதா பாருடி" என்றார். இரண்டு முறை எடுத்தேன், ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். அழகான கோடு, தம்பி. நாற்பத்தொன்பது வயது ஆளுடையது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தத் தாளுக்கு வெளிச்சம் ஆகாது, நிறம் மங்கிவிடும். அதனால் துணிக்குள்ளேயே வைத்திருந்தேன். மத்தியானத்தில் ஆள் இல்லாத நேரம் எடுத்து விரலால் தொட்டுப் பார்ப்பேன். அவரிடம் எனக்கு மிஞ்சியது அதுதான்.

அதை அட்டையில் ஒட்டி, நோதிர், இருபத்திரண்டு என்று எழுதினேன்.

கோப்பில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். கட்டங்கள் பழுப்பு நிறத்தில் இருக்கும். மூன்று வருடமாக எங்கள் மருத்துவமனைக்கு ரோஜா நிறக் கட்டம் போட்ட தாள்தான் வருகிறது. டாக்டர் ஸாய்தா அன்றைக்கு நாற்பது தாளுக்கு மேல் பார்த்தார். நிறத்தை யார் கவனிப்பார்கள். கோடு நன்றாக இருந்தது, கையெழுத்துப் போட்டார்.

ஆகஸ்டில் நோதிர் ஐந்து கோல் அடித்தான். நீங்கள் அந்த நாட்களில் எங்கள் ஊரில் இருந்திருக்க வேண்டும். ரவ்ஷன் தன் வேனின் பின்கண்ணாடியில் அவன் பெயரை ஒட்டிக்கொண்டான். எங்கள் டெலிகிராம் குழுவில் ஆயிரம் பேர் சேர்ந்தார்கள். ஜார்ஜியாக்காரனைக் கேட்ட ரவ்ஷனை எல்லோரும் 'ஜார்ஜியா' என்றே கூப்பிட்டார்கள். நான் மைதானத்தில் சோபிரின் கழுத்துத்துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பந்து வருவதற்கு முன் நோதிர் திரும்பிப் பார்ப்பான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவன் நெஞ்சுக்குள் அந்தப் பழுப்புத் தாளின் கோடு ஓடுகிறது என்று எனக்குத் தோன்றும். காகிதத்தில் அப்படித்தானே இருக்கிறது. சோபிர் கடைசியில் லோச்சினுக்காக ஆடுகிறார் என்று ஒரு நாள் நினைத்தேன். ஒரு நாள் இல்லை, எல்லா ஆட்டத்திலும் நினைத்தேன்.

பாக் மட்டும் அவனை அறுபதாவது நிமிடத்தில் வெளியே எடுத்துவிடுவார். ஒவ்வொரு ஆட்டத்திலும். கடிகாரம் வைத்த மாதிரி.

"இந்த பாக் என்ன, தவணை முறையில ஆடவிடறாரா?" என்று கத்தினான் ரவ்ஷன், செப்டம்பர் கூட்டத்தில். அது என் முறை, என் வீடு. "அறுபதுல எடுக்கறார், எழுபதுல கோல் வாங்கறோம். சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும்."

"அவன் தொடையில கையை ஊன்றி நிக்கறான்டா, பாத்தியா?" என்றார் துர்சுன் அண்ணன். "களைச்சுப் போறான்."

"அண்ணே, ஆட்டை ஓட்டிட்டு மலையேறின பயண்ணே அவன். களைப்பாவது."

வாத்தியார் நோட்டைத் திறந்தார். நோதிர் வெளியே போன பிறகு லோச்சின் இழந்த புள்ளிகள் ஏழு என்றார். அது தப்பாத கணக்கு.

பாக் செய்வது சரி என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். முதலில் நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன். அறுபது நிமிடம் என்பது ஒரு அளவு, மருந்து மாதிரி, தாங்குவான் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு எல்லோருக்கும் தேநீர் ஊற்றினேன்.

அடுத்த வாரம் பாக் என்னைத் தேடி மருத்துவமனைக்கு வந்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

"மவ்லுதா, அந்தப் பையனுக்கு இன்னொரு தடவை எடுத்துப் பாத்துடலாமா? எனக்கு அவன் உதட்டு நிறம் பிடிக்கல. ஒரு மணி நேரம் ஓடினா ஈயம் மாதிரி ஆகுது."

"தாள் சுத்தமா இருக்கே" என்றேன்.

"காட்டு."

எடுத்துக் காட்டினேன். அவருக்கு அந்தக் கோட்டைப் பெரிதாகப் படிக்கத் தெரியாது, ஆனால் முப்பது வருடத்தில் எத்தனையோ பார்த்திருப்பார். கண்ணாடியை ஏற்றி நெடுநேரம் பார்த்தார். "நல்ல இதயம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாராவது சோபிரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு அப்படித்தான். பாக் நான் பையனுக்காகக் கலங்கினேன் என்று நினைத்திருப்பார். "சரி, இருந்தாலும் சீசன் முடியறதுக்குள்ள ஒரு தடவை தாஷ்கண்டு கூட்டிட்டுப் போறேன். நான் அறுபதைத் தாண்டி விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம்தான் கிளப் தலைவருக்குக் கடிதம் எழுதினேன். ரவ்ஷன் ஒரு வாரமாக என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தான், "அக்கா, நீங்கதான் அழகா எழுதுவீங்க, நான் எழுதினா திட்டுதான் வரும்" என்று. பாக் நல்லவர், ஆனால் காலம் மாறிவிட்டது, துணிவான பயிற்சியாளர் வேண்டும், ரசிகர்களின் வேண்டுகோள் என்று எழுதினேன். ஏழு புள்ளிக் கணக்கையும் சேர்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்திட்டார்கள். கீழே 'தொண்ணூறும் நோதிருக்கே' என்று ஒரு வரி வைத்தேன். அதைத்தான் பிறகு துணியில் எழுதி மைதானத்தில் கட்டினார்கள். பாக் தாஷ்கண்டு என்று சொன்னதற்கும் இந்தக் கடிதத்துக்கும் சம்பந்தம் இல்லை. அது வேறு, இது வேறு. நீங்கள் சேர்த்து எழுதினால் நான் மறுக்க மாட்டேன், ஆனால் அது சரியாக இருக்காது.

துர்சுன் அண்ணன் மட்டும் கையெழுத்திடும்போது பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். "நீ சொன்னா சரியா இருக்கும் தங்கச்சி. நீ நர்ஸு. பையனுக்கு ஏதாவது இருந்தா உனக்குத் தெரியாமயா போகும்" என்றார். போட்டார்.

அக்டோபரில் பாக் போனார். புதிதாக வந்தவர் நோதிரைத் தொண்ணூறு நிமிடமும் ஆடவிட்டார். இரண்டு ஆட்டம் வென்றோம்.

மூன்றாவது ஆட்டத்துக்கு முன்னால் நோதிர் என் அறைக்கு வந்தான். ஒரு துணிப்பையில் அவன் அம்மா உருட்டிக் காயவைத்த தயிர் உருண்டைகள். "அம்மா குடுத்தனுப்பிச்சாங்க பெரியம்மா. என்னை இங்க பாத்துக்கறது நீங்கதான்னு சொல்லியிருக்கேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "சில நேரம் கண்ணு இருட்டிக்கிட்டு வருது. நெஞ்சுல மீன் துள்ளற மாதிரி. புதுக் கோச்சுகிட்ட சொல்லல, எடுத்துருவார். ஒண்ணும் இல்லல்ல?" என்றான்.

அறைக் கதவு சாத்தியிருந்தது. இயந்திரம் பக்கத்தில் இருந்தது. இரண்டு நிமிட வேலை.

"உன் இதயம் குதிரை இதயம்டா" என்றேன். "ஆட்டத்துக்கு முன்னால உலர்ந்த திராட்சை சாப்பிடு. இனிப்பா டீ குடி. நேரத்துக்குத் தூங்கு."

அவன் முகம் தெளிந்துவிட்டது. சீசன் முடிந்ததும் கல்யாணம் என்றான். அடுத்த கிராமத்துப் பெண், தையல் தெரிந்தவள். "நீங்க வந்து பொண்ணு வீட்டுல நிச்சயத்துக்கு ரொட்டி பிய்க்கணும் பெரியம்மா" என்றான். வருகிறேன் என்றேன். அந்த வாக்கை நான் மனதாரத்தான் கொடுத்தேன், தம்பி. அவனுக்குப் பரிசாகக் கொடுக்கப் போர்வைகூடத் தைக்கக் கொடுத்திருந்தேன்.

நவம்பர் கடைசி ஆட்டம். ஜெயித்தால் பிழைப்போம். நாற்பத்தோராவது நிமிடத்தில் நோதிர் கோல் அடித்தான், கழுத்து நான்கு தடவை திரும்பியது, நான் எண்ணினேன். எங்கள் பக்கம் ஓடிவந்து, என் மடியிலிருந்த கழுத்துத்துணியைக் காட்டிக் கையை உயர்த்தினான். ஹோஷிம் வாத்தியார் அழுதார்.

எழுபத்தெட்டாவது நிமிடத்தில் விழுந்தான். பக்கத்தில் யாரும் இல்லை, பந்து அந்தப் பக்கம் இருந்தது. நடந்துகொண்டிருந்தவன் உட்காருகிற மாதிரி விழுந்தான். நாங்கள் ஒன்றுக்குப் பூஜ்யம் முன்னால் இருந்தோம் அல்லவா, நேரம் கடத்துகிறான் என்று மைதானம் முழுக்க நினைத்தது. கை தட்டினார்கள். "அப்படித்தான் ராசா, நல்லா படுத்துக்க, பாய் தலையணை கொண்டாரவா?" என்று ரவ்ஷன் வாயில் கை குவித்துக் கத்தினான். எங்களைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். பாவம், அந்த வார்த்தையை நினைத்துத்தான் அவன் இப்போது வேன் எடுப்பதில்லை.

எங்கள் இருக்கையிலிருந்து கம்பிவேலிவரை நாற்பது படி. நான் பயிற்சி பெற்றவள். நெஞ்சை அழுத்தத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் இருக்கிறேன். நான் பலகையில் நேரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு நிமிடம் இருந்தது. இன்னும் பன்னிரண்டே நிமிடம் என்று நினைத்தேன். அதைத்தான் நினைத்தேன்.

எதிரணி கோல்கீப்பர்தான் முதலில் ஓடிவந்து மண்டியிட்டான். அப்போதும் சிலர் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் எதிர்ப்பக்கத்துக் கூட்டத்திலிருந்து ஒரு ஆள் வேலியில் ஏறிக் குதித்து ஓடினார். ஒரு செருப்பு வேலியிலேயே மாட்டிக்கொண்டது. பாக். காசு கொடுத்துச் சீட்டு வாங்கி ஆட்டம் பார்க்க வந்திருக்கிறார். அவர்தான் நெஞ்சை அழுத்தினார். ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்தினார். அவனை ஏற்றிக்கொண்டு போகும்போது அது சைரன் இல்லாமல் மெதுவாகப் போனது.

ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். எதிரணி மறுபடி ஆட மறுத்துவிட்டது, முடிவு அப்படியே நிற்கட்டும் என்று எழுதிக்கொடுத்தார்கள். நல்ல பிள்ளைகள். லோச்சின் பிழைத்துக்கொண்டது.

அதற்கடுத்த கூட்டத்தில் புலாவை யாரும் தொடவில்லை. "இனிமே சோபிர் பேரைச் சொன்னா நோதிர் பேரையும் சேர்த்துச் சொல்லணும்" என்றார் துர்சுன் அண்ணன். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான்.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம்.

போன மாதம் நோதிரின் அம்மா மருத்துவமனைக்கு வந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், பார்த்தால் பெரியவள் மாதிரி இருந்தாள். இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்கதானே அவனைப் பாத்துக்கிட்டது. அவன் நெஞ்சு துடிச்சது ஒரு தாள்ல இருக்காமே. படம் நெறைய இருக்கு என்கிட்ட, அது அவன் மூஞ்சி. இது அப்படி இல்ல. நான் வயித்துல சுமந்தப்போ கேட்ட துடிப்பு அது. அதை ஒரு தடவை தொட்டுப் பாக்கணும்" என்றாள்.

கோப்பு விசாரணை அதிகாரியிடம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். அது உண்மைதான்.

அவனுடைய உண்மையான தாள் எங்கே என்று கேட்பீர்கள். அந்தப் புதன்கிழமை சாயங்காலமே ரொட்டி அடுப்பில் போட்டேன். தீ பட்டதும் தாள் முழுக்கக் கறுத்தது, ஒரு நொடி கோடு தெரியவில்லை, பிறகு தாளே இல்லை. அதை வைத்திருந்தால் இன்று அவளுக்குக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றுகிறது. அது ஒன்றில் நான் யோசனை இல்லாமல் நடந்துகொண்டேன்.

நேற்று துர்சுன் அண்ணன் கடையில் சொன்னார்கள். வழக்கு முடிந்ததும் அந்தத் தாளை அந்தத் தாய்க்கே கொடுப்பதாக நீங்கள் வாக்குக் கொடுத்திருக்கிறீர்களாம். அவள் இப்போதே கண்ணாடி போட்ட மரச்சட்டம் செய்ய அளவு கேட்டுப் போயிருக்கிறாளாம். உங்களுக்கு இளகிய மனது, தெரிகிறது. ஆனால் அது முறையில்லை, தம்பி. அவள் அதைச் சுவரில் மாட்டுவாள். வெளிச்சத்தில் வைப்பாள், மங்கிவிடும். தினமும் தொட்டுப் பார்ப்பாள். தன் மகன் என்று நினைத்து என் கணவரின் நெஞ்சைத் தொடுவாள். உங்களுக்குக் கல்யாணமாகிவிட்டதென்றால் நான் சொல்வது புரியும். இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. விடிந்ததும் முதல் ஆளாக வந்து உங்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் ஸாய்தாவா? ஆமாம், அவரையும் விட்டுவிடுங்கள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் போடுகிறேன். அந்தத் தாளை மட்டும் இப்போதே என்னிடம் கொடுத்துவிடுங்கள். மடிக்காமல் கொடுங்கள், தம்பி. மடித்தால் அந்த இடத்தில் கோடு அழிந்துவிடும்.